ஜாக்கு வைத்த இடம்

கடையை விட்டு விடைபெற்ற அன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் என்னை ஏதாவது பேசச் சொன்னீர்கள். மின்சாரக் காரில் டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று பத்து நிமிடம் பேசினேன். கைதட்டினீர்கள். போட்ட சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தேய்மானத்தை நீங்களே ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

போடியில் இருபத்தெட்டு வருடம் டயர் மாட்டினேன். பெரும்பாலும் மலைக்குப் போகும் ஜீப்புகள், ஏலக்காய் மூட்டை ஏற்றும் மினி லாரிகள். மின்சாரக் கார் என்று ஒன்று கடை வாசலுக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது. சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றது. திரும்பிப் பார்த்துப் பதறிப்போனேன். ஓட்டி வந்தவர் ஷமீமா.

ஷமீமாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஏலக்காய் வியாபாரக் குடும்பம். கணவர் சரக்கு விஷயமாக வடக்கே சுற்றிக்கொண்டே இருப்பார். மலைக்கு மேலே, பூப்பாறைப் பக்கம், காய் உலர்த்தும் கூடம் ஒன்று அவர்களுக்கு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டது ஷமீமாதான். வாரத்தில் மூன்று நாள் தானே ஓட்டிக்கொண்டு மலையேறி இறங்குவார். அந்த வண்டியில் முன்சக்கரங்கள்தான் இழுக்கும். ஏறும்போது மொத்த எடையையும் அவைதான் மேலே கொண்டுபோகும். இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பிடித்து நிறுத்தும். அந்தப் பிடியும் அதே முன்சக்கரங்களில்தான் விழும். போதாததற்கு வண்டியின் தளத்துக்கு அடியில் பேட்டரியின் பாரம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதல் முறை டயர் மாற்ற வந்தபோது அளவைப் பார்த்தேன், கடையில் இருந்த சாதாரண டயர் பொருந்தியது, மாட்டிவிட்டேன். அளவுக்குப் பக்கத்தில் எடை தாங்கும் எண் ஒன்று அச்சிட்டிருப்பதை உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஷமீமா திரும்பி வந்துவிட்டார்.

"சீனிண்ணே, போன மழைக்கு முன்னாடிதான மாத்துனேன்? அதுக்குள்ள வழுக்கையாப் போச்சு. சார்ஜும் முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது. ரெண்டுக்கும் ஏதும் சம்பந்தம் இருக்குமா?"

"அதெல்லாம் இல்லம்மா. மலை ரோட்டுல தேயத்தான செய்யும்."

தெரியாத கேள்விக்கு இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அன்று சாயங்காலம், முதல் முறை கழற்றிப்போட்ட பழைய டயர்களைப் புரட்டிப் பார்த்தேன். வண்டியோடு வந்த டயரும் நான் மாட்டியதும் ஒன்றல்ல. நான் மாட்டியதில் எடை எண் குறைவு. உருளுவதற்கு இழுவையும் அதிகம். அதனால்தான் சார்ஜ் நிற்கவில்லை. மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் முணுமுணுத்தாலும் மதுரையிலிருந்து சரியான டயர் வரவழைக்கச் சம்மதித்தார். ஷமீமாவுக்குப் போன் செய்து, "தப்பு என் மேலதாம்மா, நான் மாத்தித் தர்றேன்" என்றேன்.

"நீங்களே சொன்னீங்களே, அது போதும்ணே" என்றார்.

அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்கிறவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன். அந்தத் தப்பால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் பெரிய நஷ்டம் இல்லை. அதனால்தான் வாய் சுலபமாகத் திறந்தது என்று அப்போது புரியவில்லை.

டயர் வந்துசேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பூப்பாறையில் அவர்கள் சொந்தத்தில் நிக்காஹ். ஷமீமா, மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள், எல்லோரும் பட்டும் பூவுமாக ஒன்பது மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள். "வெரசா முடிச்சுக் குடுங்கண்ணே. ராத்திரி கரண்டு இல்ல, வீட்டுல சார்ஜ் பாதிதான் ஏறிச்சு. போடிமெட்டுல நிறுத்திக் கொஞ்சம் ஏத்திட்டுப் போகணும்" என்றார்.

வண்டியை ஆளுயரத்துக்குத் தூக்கும் லிப்டில் ஒரு ஜீப் ஏறி நின்றது. அதன் அச்சைக் கழற்றிப் போட்டிருந்தோம், இறக்க வழியில்லை. காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தரையில் உருட்டும் ஜாக்கை எடுத்தேன். மின்சாரக் காரில் ஜாக்கு எங்கே வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழே, ஓரத்தில், குறி போட்ட இடத்தில் மட்டும். இடது பக்கம் சரியாகத்தான் வைத்தேன். வலது பக்கம் சிமெண்டுத் தரை பெயர்ந்து கிடந்தது. ஜாக்கின் சக்கரம் பள்ளத்தில் மாட்டியது. ஓர் அழுத்து அழுத்தி உள்ளே தள்ளினேன். பெட்ரோல் வண்டிகளுக்கு வைத்துப் பழகிய கை, பழகிய இடத்துக்கே போய்விட்டது. கைப்பிடியை அழுத்தினேன்.

உள்ளே ஒரு சத்தம். தகர டப்பாவைக் கட்டைவிரலால் அமுக்கினால் வருமே, அந்த மாதிரி. பெரிய சத்தம் இல்லை.

உடனே இறக்கிவிட்டேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட்டரிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது. நிமிர்ந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அடுக்கி வைத்த பழைய டயர்களின் மேல் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஷமீமா போனில், "வந்துட்டே இருக்கோம் மாமா, நிறுத்தி வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளி மூடிதான், உள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன். ஜாக்கைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, டயரை மாட்டி, நட்டுகளை முறுக்கி, சாவியைக் கொடுத்தேன். வண்டி வழக்கம்போலக் கிளம்பியது. முகப்பில் எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை.

"அடுத்த மூணு வருசத்துக்கு என் மூஞ்சில முழிக்க வேணாம்மா" என்று சிரித்துக்கொண்டே வேறு அனுப்பிவைத்தேன்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. தண்ணீர் குடித்தேன். ஜீப்புக்குப் போனேன். அடுத்ததாக ஒரு மினி லாரி வந்தது. அதன் சக்கரத்தை மாட்டி இறக்கிவிட்டேன். பக்கத்தில் வேலை பார்த்த கண்ணன் கூப்பிட்டான்.

"அண்ணே, அஞ்சாவது நட்டு எங்க?"

சட்டைப் பையில் இருந்தது. எப்போது போட்டேன் என்று தெரியவில்லை.

"ஒடம்புக்கு என்னமும் செய்யுதாண்ணே?"

"ஒன்னுமில்ல."

பாதி சார்ஜில் ஏற்றம். முழு மிதிப்பில் பேட்டரி சூடாகும். மேலே போனதும், சூடு ஆறுவதற்குள் சார்ஜ் போடுவார்கள். நசுங்கிய பேட்டரிக்கு அது என்ன செய்யும்? எனக்குத் தெரியாது. தெரியாதது ஒவ்வொரு நிமிடமும் பெரிதாகிக்கொண்டே போனது. பின்பக்கம் போய் அந்தக் கார்க் கம்பெனியின் மதுரை சர்வீசுக்குப் போன் போட்டேன். ஒரு பொறுமையான குரல் எடுத்தது. வேறு யாருக்கோ நடந்ததுபோலத்தான் ஆரம்பித்தேன்.

"ஒரு வண்டில ஜாக்கு மாறி வச்சா, பேட்டரி நசுங்குனா, ஓட்டலாமா சார்?"

"எவ்வளவு நசுங்கிருக்கு?"

"உள்ளங்கை அகலம்."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"வண்டி இப்ப எங்க இருக்கு?"

"மலை ஏறுது."

 "சத்தம் கேட்டுச்சுன்னா அப்புறம் ஏண்ணே வண்டிய விட்டீங்க?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "ஓட்ட வேணாம்னு சொல்லுங்க. சார்ஜ் கண்டிப்பாப் போடக் கூடாது. போட்டிருந்தா கழட்டிட்டு ஆளுக எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க. வெட்டவெளியில நிறுத்தட்டும். நாங்க தூக்கிட்டு வர வண்டி அனுப்புறோம்."

ஷமீமாவின் எண்ணுக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலையடிவாரத்தில் இருக்கும் முந்தலைத் தாண்டிவிட்டால் அப்படித்தான். திரும்பத் திரும்பப் போட்டேன்.

முதலாளியிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், பயந்த மனிதர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "யாரும் பாத்தாங்களா?" என்றார்.

"இல்ல மொதலாளி."

"அப்ப மேல போயி என்னத்தச் சொல்லுவ? ரோட்டுல கல்லு தட்டிருக்கலாம்ல? அந்த ரோட்டுல கல்லுக்கா பஞ்சம்? ஒன்னும் ஆகாது சீனி. நீயாப் போயிச் சொன்னா கடை பேரு கெடும்."

அவர் சொன்னது எல்லாமே ஒன்பதரை மணியிலிருந்து நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். என் தலைக்குள் இருந்தவரை நியாயமாகத் தெரிந்தது. இன்னொருவர் வாயில் கேட்டபோது தாங்க முடியவில்லை.

"பிள்ளைக இருக்கு மொதலாளி" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போறதுன்னா போ. உன் பொறுப்பு."

பைக்கை எடுத்தேன். முந்தல் வரை எப்படிப் போனேன் என்று நினைவில்லை. செக்போஸ்டைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் ஒவ்வொரு திருப்பத்திலும் கண் முதலில் புகையைத் தேடியது. புகை இருந்தது. பனிதான். அது வரும் உயரம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பைக்கை நிறுத்தி உற்றுப் பார்த்தேன். பாதி மலையில், மூட்டையோடு இறங்கிய ஜீப்பை மறித்தேன். டிரைவர் தெரிந்தவர், தேவாரத்துக்காரர்.

"நீலக் கலர் காரு, கரண்டு காரு, ஏறுச்சா மாப்ளே?"

"ஷமீமாக்கா வண்டியா? போடிமெட்டுக்கிட்டப் பாத்தேன். நல்லாத்தான் போகுது. ஏன், பஞ்சரா?"

"ஆமா" என்றேன். அன்றைக்கு எத்தனை பொய் சொன்னேன் என்று எனக்கே எண்ணிக்கை இல்லை. அந்த வளைவில் கொஞ்சம் சிக்னல் இருந்தது. போட்டேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

போடிமெட்டில் அவர்கள் எங்கே சார்ஜ் போடுவார்கள் என்று விசாரிக்கத் தேவையில்லை. அங்கே அந்த வசதி ஒரு லாட்ஜில்தான் உண்டு. வாசலில் நீலக் கார் நின்றது. முன்பக்கத்தில் வயர் சொருகியிருந்தது. மாமியார் முன்சீட்டில். பிள்ளைகள் பின்சீட்டில் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் யாரும் எடுக்கவில்லை. குளிருக்குக் கண்ணாடிகளை மூடியிருந்தார்கள்.

பைக்கை ஸ்டாண்டு போடாமலே போட்டுவிட்டு ஓடினேன். பின்கதவைத் திறந்து, "இறங்குங்க பாப்பா, இறங்குங்க" என்று சின்னவளின் கையைப் பிடித்தேன். கருத்த எண்ணெய்க் கையைப் பார்த்து அவள் அலறினாள். எதிர் டீக்கடையிலிருந்து ஷமீமா ஓடிவந்தார். கையில் பன் பொட்டலம்.

"என்னண்ணே? எம் பிள்ளைய ஏன் இழுக்குறீங்க?"

"வயரக் கழட்டும்மா. மொதல்ல வயரக் கழட்டு."

"எதுக்கு?"

"டயர்ல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தேன். ஆமாம். இவ்வளவு தூரம் ஓடி வந்தும் வாயில் முதலில் வந்தது அதுதான். வாக்கியம் பாதியில் நின்றது. ஷமீமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டயரு இல்லம்மா. ஜாக்க பேட்டரிக்கு அடியில வச்சிட்டேன். நசுங்கிருச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் உங்கள அனுப்பிவச்சேன்."

பன் பொட்டலத்தைப் பிடித்தபடியே கேட்டார்.

"எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"ஒம்பதரைக்கு."

"இப்ப மணி என்ன?"

லாட்ஜ் வரவேற்பறைச் சுவரில் கடிகாரம் தெரிந்தது. பதினொன்றே முக்கால்.  அவரும் அதைப் பார்த்தார். பிறகு பூட்டை விடுவித்து வயரைக் கழற்றினார். மாமியாரைக் கைபிடித்து இறக்கினார். பிள்ளைகளை டீக்கடைக்குள் தள்ளினார். விஷயம் கேட்டு லாட்ஜின் மலையாளக் காவலாளி வெலவெலத்துப்போனார். "சேட்டா, வண்டி இவிடே வேண்டா. லாட்ஜு நிறைய ஆளு உண்டு" என்று கையை ஆட்டினார். வண்டியை ஓட்டக் கூடாது. கியரை விடுவித்து, ஷமீமா வெளியில் நின்றபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, காவலாளியும் டீக்கடை ஆட்கள் இருவரும் நானும் சேர்ந்து, தள்ளி இருந்த காலி மண் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். என் கை பட்ட இடமெல்லாம் சூடாக இருப்பதுபோலத் தோன்றியது. உண்மையில் இரும்பு குளிர்ந்துதான் கிடந்தது.

மாமியாரையும் பிள்ளைகளையும் பூப்பாறை போகும் ஜீப்பில் ஏற்றிவிட்டோம். ஏறும்போது அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, இதக் கீழயே சொல்லிருக்கலாம்ல?"

 சாதாரணமாகத்தான் கேட்டார். ஜீப் போய்விட்டது.

தூக்கிச்செல்லும் வண்டி மதுரையிலிருந்து வர மதியம் தாண்டிவிட்டது. அதுவரை நாங்கள் இருவரும் திடல் ஓரத்தில் இருந்தோம். ஷமீமா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காரின் பக்கம் போய் வாசனை பிடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"போகாதீங்கண்ணே. ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களையும் நாந்தான் தூக்கணும்."

 நிக்காஹ் முடிந்துவிட்ட செய்தி போனில் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டுச்சேலை ஓரம் முழுக்கச் சேறு.

மூன்று நாள் கழித்து மதுரையிலிருந்து அதே பொறுமையான குரல் பேசியது. மூடி வளைந்து, உள்ளே பேட்டரியைக் குளிர்விக்கும் தகடு ஓர் இடத்தில் விரிந்திருந்தது. நீர் லேசாகக் கசியத் தொடங்கியிருந்தது. நான் கேட்டேன், "அன்னைக்கு அப்படியே விட்டிருந்தா என்ன சார் ஆயிருக்கும்?"

"ஆறு மாசம் ஒன்னும் ஆகாம ஓடிருக்கலாம். அன்னைக்கு சாயங்காலமே தீப்பிடிச்சிருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியாதுண்ணே."

எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. ஒன்றும் ஆகியிருக்காது என்றால் என் பாரம் குறையும். கண்டிப்பாக ஆகியிருக்கும் என்றால், நான் காப்பாற்றினேன் என்றாவது நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவரே ஷமீமா வீட்டுக்குப் போய், நின்றபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பழுது பார்த்த செலவையும் ஏற்றுக்கொண்டார். பெயர்ந்த சிமெண்டுத் தரையை அந்த வாரமே பூசினோம். கடைப் பெயர் கெட்டதா என்றால், கொஞ்சம் கெட்டது. சிலர் தேனிக்குப் போனார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். ஜாக்கு இடம் மாறும். எனக்கே மாறியது, உங்களுக்கும் ஒருநாள் மாறும். அந்த நேரத்தில் நிமிர்ந்தவுடன் முதலில் சுற்றிப் பார்க்கத் தோன்றும், யாராவது பார்த்தார்களா என்று. அப்படிப் பார்க்காதீர்கள். பார்த்தால், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வாயைத் திறப்பது மலையேறுவதைவிடக் கஷ்டம். சத்தம் கேட்ட அந்த நொடியிலேயே, குனிந்த நிலையிலேயே, "தப்பா வச்சிட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி. நான் அதைச் சொல்ல இரண்டேகால் மணி நேரமும் ஒரு மலையும் ஆயிற்று.

ஷமீமா பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. காற்று அடிக்கக்கூட வேறு கடை. தெருவில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். எனக்கு அதுவே அதிகம்.

இரண்டு வருடம் போனது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு காலை, சத்தமில்லாமல் நீலக் கார் வாசலில் வந்து நின்றது. முன் டயர்கள் தேய்ந்திருந்தன. அவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"மாத்தணும்."

"கண்ணன் பாப்பான்மா. நல்லாச் செய்வான்."

"நீங்க மாத்துங்க."

லிப்ட் காலியாகத்தான் இருந்தது. வண்டியை அதன் மேல் ஏற்றி, தாங்கும் கைகளை உள்ளே இழுத்தேன்.  நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, என் பக்கத்தில் அந்த எண்ணெய்த் தரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கதவுக்குக் கீழே கையை விட்டு, குறி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இங்கதான?"

"இங்கதாம்மா."

நான்கு பக்கமும் சுற்றி வந்து, நான்கு இடத்திலும் அதையே கேட்டார். நான்கு தடவையும் பதில் சொன்னேன். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றார்.

"ம். தூக்குங்க."